பேர் சொல்லாமல் கேட்ட வீடு

"...மேல நாங்கள், கீழ வாடகை. வீட்டுக் கடனில பாதி அதிலயே போகுது. கர்த்தர் பெரியவர்!" என்று ஜெயா அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னா. மொன்ட்ரியாலின் வில்லரே பகுதியில் அவவின் வீட்டில் புதன்கிழமை ஜெபக்கூட்டம். 2006 மாசி மாதம். எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றோம். என் வாயும் சொன்னது. வயிறு எரிந்தது.

நானும் அவவும் ஒரே தையல் தொழிற்சாலை. பக்கத்துப் பக்கத்து மெஷின், ஒரே சம்பளம். அவவுக்கு இரண்டு மாடி. எனக்கு நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் பூஞ்சணம் பிடித்த நிலக்கீழ் வீடு. மகளுக்கு விடாத இழுப்பு. வீடு மாறச்சொல்லி டொக்டர் சொல்லிவிட்டார். "ஆண்டவரே, ஜெயா அக்காவுக்குக் குடுத்ததை எனக்கும் தாரும். இல்லாட்டி அவவுக்கும் வேண்டாம்." இதுதான் என் ஜெபம். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

நாங்களும் ஒரு இரண்டு மாடி வீடு பார்த்திருந்தோம். முன்பணம் கொஞ்சம் போதும். மிச்சக் கடனுக்கு அரசாங்கம் வங்கிக்குப் பிணை நிற்கும். ஒரே நிபந்தனை, ஒரு மாடியில் நாங்களே குடியிருக்கவேண்டும். இரண்டு மாடியிலும் வாடகைக்கு ஆட்கள், உடனே எழுப்ப முடியாது. கீழே இருந்த வயதான கியூபெக் மனிசிக்கு முழங்கால் வருத்தம். இதைப்போலவே படி ஏறத் தேவையில்லாத வேறொரு கீழ்வீடு கிடைத்தால் போகிறேன் என்றா. கிடைக்கவில்லை. வங்கி தந்த தவணை முடிய ஒரு கிழமைதான்.

இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. கண்படும் என்ற பயம். அதைவிட, ஜெயா அக்காவுக்கு முன்னால் தோற்கப் பயம். மூன்று மாதமாகக் கூட்டத்தில் இன்னதென்று சொல்லாமல், "பேர் சொல்லாத விண்ணப்பம் ஒண்டு" என்று மட்டும் கேட்டுவந்தேன்.

அன்று அவ எனக்காக ஜெபித்தா. "கர்த்தாவே, தங்கச்சியின்ர மனதில இருக்கிறதைக் குடும்" என்று அழுதா. என்னால் தாங்க முடியவில்லை. ஜெபத்துக்கு நடுவிலேயே வீட்டுக் கதை, மகளின் இழுப்பு, என் எரிச்சல், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவ கண்ணைத் திறந்தா. "அடி விசரி! எங்கட கீழ்வீடு கார்த்திகையில இருந்து வெறுமை. வெக்கத்தில பொய் சொன்னனான். என்ர பேர் சொல்லாத விண்ணப்பமும் அதுதான்."

சித்திரையில் நாங்கள் பார்த்த அந்த வீட்டின் கீழ்மாடிக்கே குடிபோனோம். மகள் இப்போது இருமாமல் நித்திரை கொள்கிறாள். அடுத்தவள் வீட்டைப் பார்த்து எரிகிற புத்தி இன்னும் சில வேளை எட்டிப் பார்க்கும். உடனே அவளுக்காக ஜெபித்துவிடுவேன். அன்பான சகோதரிகளே, நம்பிக் கேளுங்கோ. பேர் சொல்லியே கேளுங்கோ. பதில் பக்கத்துக் கதிரையில் இருக்கலாம்.

அன்று ஜெயா அக்கா ஆமென் சொல்லவும் காத்திருக்கவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "வா, அந்த முழங்கால் மனிசியைக் கூட்டியந்து எங்கட கீழ்வீட்டைக் காட்டுவம்" என்று எனக்கு முன்னால், பனி படிந்த படியில் இறங்கினா.