கையெழுத்துப் போட்டாளா?

எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில் எங்கள் தெருவில் முப்பத்திரண்டு வீடுகளுக்கு மூன்று டெலிவிஷன் பெட்டிகள். ஒன்று எங்களுடையது. வியாழக்கிழமை ஏழரைக்குத் தொடர் நாடகம். ஏழு மணிக்கே கூடத்துப் பாய்களில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். யாரையும் வராதே என்று சொல்ல முடியாது. பெட்டி வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டான் என்று பேராகிவிடும்.

அப்படி ஒரு வியாழக்கிழமைதான் விழுப்புரத்திலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நாலரைக்கு வருவதாகப் பேச்சு. ஆறு மணி பஸ்ஸில் கிளம்பிவிடுவார்கள், நாடகத்துக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சமிருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த நாளுக்கு ஒப்புக்கொண்டேன். வழியில் பஸ் பஞ்சர். அவர்கள் படியேறும்போது ஏழு அடிக்க ஐந்து நிமிடம். கூடத்தில் பதினொரு பேர்.

வந்தவர்கள் மூன்று பேர்: ரயில்வேயில் கிளார்க்காக இருந்த பையன், அவனுடைய அம்மா, அம்மாவின் அண்ணன். பையனுக்கு அப்பா இல்லை. அந்தக் குடும்பத்தில் மாமா சொல்வதுதான் முடிவு என்று தரகர் சொல்லியிருந்தார்.

என் பயமெல்லாம் நாடகத்தின் கதையைப் பற்றித்தான். அதில் ஒருத்தி ஆபீஸ் வேலைக்குப் போகிறாள். வேலையை விடச் சொல்லி நாலு வாரமாகப் புருஷன் நச்சரிக்கிறான். ராஜினாமாக் கடிதத்தை அவனே எழுதி, பேனாவோடு அவள் முன்னால் வைப்பதோடு போன வாரம் முடிந்திருந்தது. என் மகளும் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். இரண்டு முறை தேர்வு எழுதி வாங்கிய வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் போவேன், இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்பாள். முன்பு வந்த இரண்டு வரன்களும் அந்த ஒரு பேச்சில்தான் தட்டிப்போயின. இந்தத் தடவை நீ வாயைத் திறக்காதே, நான் மெதுவாகப் பேசிக்கொள்கிறேன் என்று காலையில் மூன்று முறை சொன்னேன். அவள் ஒரு முறைகூடத் தலையாட்டவில்லை.

பெட்டியைப் போடாமல் சமாளிக்கப் பார்த்தேன். பையனின் அம்மா விடவில்லை. "போடுங்கண்ணே, எங்களுக்காக ஏன் நிறுத்துறீங்க? நாங்களும் வாராவாரம் பாக்கறதுதான். எங்க ஊர்ல பாதி நாளு வெறும் புள்ளிதான் தெரியுது."

நாடகம் தொடங்கியது. எதிர் வீட்டம்மா வழக்கம்போலத் திரையைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தார். "கொழுப்பு பாரு இவளுக்கு. கட்டினவன் சொல்றான், பேனாவ மொறைச்சிக்கினு நிக்கிறா."

"கரெக்டா சொன்னீங்கம்மா," என்றார் மாமா. "சம்பாதிக்கிற பொம்பள வீட்ல அடங்க மாட்டா."

என் மகள் அப்போதுதான் அவருக்கு முன்னால் காபியை வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். முடிந்தது, பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் படம் கலங்கிப் புள்ளிகளாகிவிட்டது.

ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும். நான் வேட்டியை மடித்துக்கொண்டு எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க. எங்க வீட்ல இது என் வேலைதான்," என்று பையன் தோட்டத்துப் பக்கம் போய், மொட்டை மாடிக்கு ஏணியில் ஏறிவிட்டான்.

மேலே நிற்பவர் கத்துவது கூடத்துக்குக் கேட்கும். கூடத்தில் பேசுவது மேலே கேட்காது. அதனால் பின்கதவருகே ஒருவர் நின்று படம் வந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அது எப்போதும் மகளின் வேலை. பட்டுப்புடவையோடு, கையில் தட்டோடு, போய் நின்றுவிட்டாள்.

"வந்துச்சா?"

"இன்னும் கொஞ்சம்... ஐயோ, போய்டிச்சி. அந்தப் பக்கம் திருப்புங்க."

மூன்றாவது திருப்பலில் படம் நின்றது. திரையில் அந்தப் பெண் பேனாவை எடுத்தாள், கையெழுத்துப் போட்டாள். "இப்பத்தான் பொம்பள," என்றார் எதிர் வீட்டம்மா. மாமா தொடையில் தட்டிக்கொண்டார்.

மேலிருந்து குரல் வந்தது. "படம் வந்துடுச்சா? என்னா ஆச்சி? கையெழுத்துப் போட்டாளா?"

என் மகள் திரும்பித் திரையைப் பார்த்தாள். கடிதத்தின் அடியில் போட்ட பெயர் திரை முழுவதும் தெரிந்தது.

"போடல," என்றாள் மேலே பார்த்து. "போட மாட்டாளாம்."

கூடத்தில் எல்லாத் தலைகளும் பின்கதவுப் பக்கம் திரும்பின. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது வரனும் போயிற்று.

மேலிருந்து, "நல்லதாப் போச்சி," என்று கேட்டது. "நான் எறங்கட்டுமா?"

மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "அடுத்த பஸ்ஸு எத்தினி மணிக்கிங்க?"

"எட்டேகால்," என்றேன். எழுந்து நின்று சொன்னேனா, உட்கார்ந்தபடியா என்று நினைவில்லை.

பையன் கையில் ஒட்டிய துருவைத் தட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தான். அவன் அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நாடகத்துல அவ போட்டுட்டாடா. போட மாட்டேன்றது இந்தப் பொண்ணு."

அவன் திரையைப் பார்த்தான். பிறகு பின்கதவைப் பார்த்தான். "அதுக்கும் நான் மேல சொன்னதுதாம்மா. நல்லதாப் போச்சி."

அந்த அம்மா ஆறிப்போன காபியை மூன்று மடக்கில் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"விழுப்புரத்துக்கு மாத்தல் கெடைக்குமாண்ணே? தெனம் பஸ்ல வந்துக்கினு போய்க்கினு இருந்தா ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்?"

"கிடைக்கும்," என்றேன். கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது.

மாமா தங்கையை ஒரு முறை பார்த்தார், மருமகனை ஒரு முறை பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"செத்த மெதுவாப் பேசுங்க," என்றார் எதிர் வீட்டம்மா. "மாமியாக்காரி வர்றா, என்னா சொல்றான்னு கேக்க வேணாமா?"