வாழையடியில் ஒரு போத்தல்

காஜா பெராங் ஊர்க்காரன் கலியாணசுந்தரம் பிணத்துக்கும் பயப்படாதவன் என்று பெயரெடுத்தவன். ஆஸ்பத்திரியில் அவனுக்கு எடுபிடி வேலை. நோயாளிகளின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த கட்டிகளை, அழுகவிடாத மருந்துத் தண்ணீர் ஊற்றிய போத்தல்களில் போட்டு, மெழுகால் வாயடைத்துப் பெட்டியில் அடுக்குவான். புற்றா இல்லையா என்று சோதிக்கும் வசதி அப்போது சின்ன ஊர்களில் ஏது? பல ஊர் ஆஸ்பத்திரிகளின் போத்தல்களும் கோலாலம்பூரில் ஒரே ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகும்.

பெட்டியைத் தம்பின் ஊர் ரயிலடிக்குக் கொண்டுபோகும் வேன் டிரைவர் அப்துல் சமது எப்போதும் கேட்பார்: "என்னா சுந்தரம், இன்னிக்கி என்ன ஊறுகா?"

"எலுமிச்சங்கா, பாய். ஒடச்சிடாதீங்க!"

இருவரும் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்த வாய்தான்!

சுதந்திரம் வரப்போகிறதென்று ஊரெல்லாம் கொடி தைத்துக்கொண்டிருந்த வருடம் அது. தையல் மிஷினில் குனிந்த அவன் மனைவி சந்திரமதியின் மார்பில் ஏதோ உறுத்தியது. டாக்டர் கட்டியை மட்டும் எடுத்தார். "முடிவு வரட்டும். புற்றுன்னா மார்பையே எடுக்கணும். தாமதிக்கக் கூடாது" என்றார்.

அன்று மத்தியானம் கலியாணசுந்தரத்தின் மேசைக்கு வந்த போத்தலில் அவள் பெயர் ஒட்டியிருந்தது.

ஒருமுறை பெட்டியோடு அவனும் கோலாலம்பூர் போயிருக்கிறான். அங்கே தரையிலிருந்து கூரைவரை அலமாரிகள். சோதித்தது போக மிச்சத்தை, நோயை ஆராய்பவர்களுக்காகப் போத்தலிலேயே வைத்திருப்பார்கள். அன்று அது மளிகைக்கடை போலத் தெரிந்தது. இன்று போத்தலைப் பெட்டியில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான். ஊர் பேர் தெரியாதவர்களுக்கு நடுவே என் சந்திரா நிற்பதா?

நஞ்சுக்கொடியைக்கூட நாம் குப்பையில் போடுவதில்லையே! மஞ்சள் தடவி மண்ணுக்குக் கொடுக்கிறோம். மகள் சீதா பிறந்தபோது கிணற்றடி வாழையின்கீழ் அவன்தான் புதைத்தான். உடம்பில் பிரிந்தது மண்ணுக்குப் போகாவிட்டால் உயிரும் அதைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடும் என்று அவன் வளர்ந்த தோட்டத்து லயத்து வீடுகளில் சொல்வார்கள்.

போத்தலைச் சட்டைக்குள் மறைத்து வீட்டுக்கு ஓடினான். வாழையடியில் குழி தோண்டினான். மெழுகை உடைத்து உள்ளே இருப்பதை மண்ணில் கொட்டத்தான் நினைத்தான். விரல்கள் மறுத்துவிட்டன. அதைப் பார்க்கும் தைரியம் அவனுக்கு இல்லை. போத்தலோடு புதைத்து மூடினான்.

வாரங்கள் ஓடின. கோலாலம்பூரில்தான் தாமதம் என்று டாக்டரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, கோலாலம்பூர்லேருந்து ஏதும் வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"நல்லதா இருந்தா சீக்கிரம் சொல்லியிருப்பாங்க, இல்ல?"

வராத முடிவுக்காக அவள் தினமும் வாசலைப் பார்த்தாள். ஒரு சாயங்காலம் அவன் கையைப் பிடித்துத் தன் அக்குளில் வைத்தாள்.

"இங்கயும் ஒண்ணு உருளுதுங்க."

விரல்நுனியில் ஒரு பட்டாணி. ஐயோ! நோயைப் புதைத்துவிட்டதாக நினைத்தானே, அது அவளுக்குள் வளர்ந்துகொண்டல்லவா இருந்திருக்கிறது! அவள் காலடியில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினான்.

சந்திரமதி அழவில்லை. கேட்டது ஒன்றுதான்: "என்னை உசுரோட பொதைச்சிட்டீங்களா?"

மண்வெட்டியை எடுத்தவன் அதை எறிந்துவிட்டான். கண்ணாடியில் பட்டால்? வெறும் கையால் தோண்டினான். நகத்தில் ரத்தம் கசிந்தது. போத்தல் வந்தது. மெழுகு பிரியவில்லை. தண்ணீர் குறையவில்லை. திறந்து கொட்டப் பயந்தானே, அந்தப் பயம்தான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது.

மறுநாள் காலை போத்தலைப் பார்த்த டாக்டர் மேசையை அறைந்தார். "நோயாளிக்கு நீ புருஷனா, எமனா? போ, முதல்ல இதை அனுப்பு!"

சமது பாய் அன்று ஊறுகாய் பற்றிக் கேட்கவில்லை. போத்தலைப் பெட்டியில் வைக்கவும் விடவில்லை. "தங்கச்சியோடதா? இங்க குடு, என் மடியிலயே இருக்கட்டும்" என்றார்.

முடிவு வந்தது. புற்றுதான்.

அறுவைக்கு முன்னால் டாக்டர் கேட்டார்: "எடுக்கிறதுல சோதிச்சது போக மிச்சத்தைக் கோலாலம்பூர்ல ஆராய்ச்சிக்கு வச்சுக்கலாமா, அம்மா?" கலியாணசுந்தரம் கட்டிலருகே நின்றான். சந்திரமதி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "வச்சிக்கட்டும் டாக்டர். வாழையடியில கெடந்து யாருக்கு என்ன ஆச்சு?"

"பிழைச்சுக்குவாளா?" என்று வெளியே அவன் கேட்டதற்கு, "பார்ப்போம்" என்றார் டாக்டர்.

அன்று பகல் அறுவை முடிந்து வந்த போத்தலுக்கு அவனே மெழுகு உருக்கினான். வாயடைத்துப் பெட்டியில் வைத்து, வேன்வரை அவனே தூக்கிப்போனான்.

மயக்கம் தெளிந்த சந்திரமதி தண்ணீர் கேட்கவில்லை. மகளைக் கேட்கவில்லை.

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன், சந்திரா."

"கண்ணால பாத்தீங்களா?"

"வேன் தெருமுனையில திரும்பற வரைக்கும் நின்னு பாத்தேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.