கேமராவைப் பார்த்துவிட்டவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பெரம்பலூரில் குமாஸ்தா. அரியலூரில் வாத்தியாராக இருந்த என் சிநேகிதன் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்துவிடுவான், கழுத்தில் கேமராவோடு. மேலேயிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற பழைய கேமரா அது. எதையோ ரிப்பேர் பார்ப்பவன் மாதிரி நிற்பான். எதிரில் இருப்பவர்களுக்குத் தங்களைத்தான் எடுக்கிறான் என்றே தெரியாது. சந்தை, பஸ் ஸ்டாண்டு, சிறுவாச்சூர் கோயில் கூட்டம் என்று சுற்றுவான். திருச்சியில் கழுவி வாங்கிய படங்களை டீக்கடை பெஞ்சில் பரப்பி, "சொல்லுடா" என்பான்.

எனக்குப் படம் எடுக்கத் தெரியாது, குறை சொல்லத் தெரியும். ஒருநாள் கேமராவை என்னிடமே கொடுத்து எடுக்கச் சொன்னான். சுருளில் பன்னிரண்டு படமும் மங்கல். "கை ஆடிருச்சுடா, அடுத்த தடவ நல்லா வரும்" என்றான், அவ்வளவுதான். நானோ அவன் படத்தில் ஒரு தலை வெட்டுப்பட்டாலும் கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவேன். என் சட்டம் ஒன்றுதான். படத்தில் இருப்பவர் கேமராவைப் பார்த்துவிட்டால் அந்தப் படம் செத்தது. "இதுக்கு ஸ்டுடியோவுல உக்கார வச்சு எடுக்கலாமேடா!" என்பேன். முகம் சுண்டினாலும் கேட்டுக்கொள்வான். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு.

ஒரு தடவை சந்தையில் வெங்காய மூட்டை இறக்குகிற ஒருவரை இரண்டு படம் எடுத்திருந்தான். ஒன்றில் முதுகில் மூட்டை, குனிந்த தலை, முகமெல்லாம் நிழல். இன்னொன்றில் மூட்டையை இறக்கிவிட்டு நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மொதப் படம் பிரமாதம்டா! ரெண்டாவதக் கடாசு."

"நல்லாத்தானடா சிரிக்கிறாரு. இருந்துட்டுப் போவுது."

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!" என்று அதைக் கிழித்தேன். அதோடு விட்டேனா? பின்னால் ஆசைப்பட்டு மறுபடி பிரிண்ட் போடுவான் என்று, டீக்கடைக்காரரிடம் கத்தரிக்கோல் வாங்கி, கவரில் இருந்த அதன் நெகட்டிவையும் நறுக்கிப் போட்டேன். அவன் மிச்சப் படங்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்காரர் ஓர் இளம்பெண்ணை எங்களிடம் அழைத்து வந்தார். அந்த மூட்டைக்காரரின் மனைவியாம். கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து அவர் போய்விட்டாராம். காரியமெல்லாம் முடிந்து எங்களைத் தேடி வந்திருந்தாள்.

"கேமரா வச்சிருக்கிற சார் ஒருத்தரு என்னயப் படம் புடிச்சாரு, நானும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன்னு வூட்டுல வந்து சொன்னாருங்க. அவரு படம் வேற ஒண்ணுகூட இல்லீங்க. அதக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்."

சிநேகிதன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அது சரியா விழலம்மா. என் தப்புதான்" என்றான்.

நான் கொண்டாடிய படம் அவன் பையில் இருந்தது. எடுத்து நீட்டினான். அவள் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நிழல் விழுந்திருந்த இடத்தை முந்தானையால் துடைத்துக்கூடப் பார்த்தாள்.

"மூட்டை நல்லா தெரியுதுங்க" என்றாள்.

ஐயோ, அந்தப் படத்தைப் பற்றி நான் பேசிய பேச்சென்ன! நான்தான் கிழித்தேன், நான்தான் நறுக்கினேன் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் நீண்ட நாக்கு அன்றைக்கு எழவே இல்லை. சிநேகிதன் என் பழியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அன்று போல என்னை நான் வெறுத்ததில்லை.

அவள்தான் எங்களைத் தேற்றினாள். "வுடுங்க சார், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"அவரு மொகம் எனக்கு மறந்தா போவும்? வயித்துல நாலு மாசங்க. அதுக்குக் காட்டத்தான் கேட்டேன்."