கார் ஈயம்

நான் எழுதி வைத்த முதல் நோட்டுப் புத்தகத்தில் கார்களைப் பற்றித்தான் இருக்கிறது. யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், எனக்கு வயது ஒன்பது. ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதியில் குடியிருந்தோம். என்னிடம் ஐந்து கார்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நிறம், நீளம், சக்கரம், குறை என்று நான்கு தலைப்பில் எழுதியிருக்கிறேன். "மூன்றாவது கார். பச்சை. நீளம் ஐந்து விரற்கடை. சக்கரம் வெள்ளை ரப்பர். குறை: வலது பக்கப் பின் மட்கார்டில் கடுகளவு பெயிண்ட் இல்லை. வாங்கும்போதே இல்லை." கடைசி வாக்கியத்தின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

கார்களை வாங்கிக் கொடுத்தவர் சித்தப்பா. அவருக்குத் திருச்சி கண்டோன்மெண்டில் ஆபீஸ். பக்கத்தில் சீமைச் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. ஏதாவது ஒரு சனிக்கிழமை கையில் சின்ன அட்டைப்பெட்டியோடு வருவார். என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்ப்பார். கதவின் கோடு, விளக்கின் விளிம்பு, பின்னால் தொற்றிக்கொண்டிருக்கும் ஸ்டெப்னி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "தகரத்தை மடக்கினது இல்லடீ இது. ஈயத்தை உருக்கி அச்சுல ஊத்தினது" என்பார். இருபத்தாறு வயதுக்காரர் தனக்கென்று பொம்மைக் கார் வாங்கினால் ஊர் சிரிக்கும், அண்ணன் பெண்ணுக்கு வாங்கினால் சிரிக்காது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

அந்தத் தை மாதம்தான் சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு சித்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பதினேழு வயது. என் கார்களை அவளைப் போல யாரும் பார்த்ததில்லை. கூடத்தில் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். "இங்கேர்ந்து பாரேன், நம்மளை ஏத்திண்டு போக வர மாதிரியே இருக்கு" என்பாள். நானும் படுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

சமையல் நடக்கும் தளிகைக் கட்டு முழுவதும் அத்தையின் ஆட்சி. அப்பாவுக்கு மூத்தவள். அத்திம்பேர் காலமானதும் எங்களோடு வந்துவிட்டாள். புக்ககத்திலிருந்து அவள் கொண்டுவந்த பாத்திரம் ஒன்றே ஒன்று, ஒரு ஈயச்சொம்பு. கழுத்தில் அத்திம்பேரின் பெயர் வெட்டியிருக்கும். அங்கே தினமும் அதில்தான் ரசம்; எங்கள் பேச்சில் சாத்தமுது. எங்கள் வீட்டில் துவாதசிக்கு மட்டும் அதை எடுப்பாள். எடுக்கும்போதெல்லாம், "கடைசி ரெண்டு மாசம் வயித்து வலில துடிச்சாரே, அப்பக்கூட இந்தச் சொம்புச் சாத்தமுதுதான் வேணும்பார். வேற எதுவும் உள்ளே இறங்காது" என்று சொல்வாள். சொல்லி முடித்ததும் முந்தானையால் சொம்பை ஒரு தடவை துடைப்பாள்.

பிரசவத்துக்குக் கும்பகோணம் போயிருந்த அம்மாவையும் குழந்தையையும் அழைத்துவர அத்தை கிளம்பினாள். எட்டு நாள் தளிகை சித்தியின் பொறுப்பு. "நடுவுல துவாதசி வரது. என் சொம்புலயே சாத்தமுது வை. ஜலம் விடாம அடுப்புல ஏத்தினா உருகிப் போயிடும், தெரியுமோன்னோ? ஒங்காத்துல இதெல்லாம் உண்டோ என்னமோ" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினாள்.

துவாதசியன்று காலையில் சித்தி சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளித்தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து நான் கூப்பிட்டேன். ஐந்தாவது காரின் ஸ்டியரிங்குக்கு நான்கு கம்பி இருப்பதைக் பூதக்கண்ணாடியில் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தேன். "சித்தி, ஓடி வாங்கோளேன்!" சித்தி வந்தாள், படுத்தாள், ஒரு கண்ணை மூடினாள். நான்கு கம்பியையும் இரண்டு தடவை எண்ணினோம். திரும்பிப் போனபோது அடுப்பில் சொம்பின் கழுத்து மட்டும் சாய்ந்து கிடந்தது. மீதி, சாம்பலுக்கு நடுவே பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது.

சித்தி அழவில்லை. இடுக்கியால் கழுத்தை எடுத்தாள். ஆறினபின் சாம்பலைச் சலித்து, உருண்டைகளைப் பொறுக்கினாள். "பாத்திரக் கடைல கொடுத்து இதே மாதிரி வார்க்கச் சொல்லலாம். பேரையும் வெட்டச் சொல்லலாம். ஆனா பாதிதான் தேறும் போலிருக்கு. மீதி ஈயத்துக்கு எங்கே போறது?" என்றாள். அத்தை வர நான்கு நாள் இருந்தது. இது தெரிந்தால் சித்தியைப் பிறந்தகத்துக்கே அனுப்பிவிடுவார்கள் என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன்.

கூப்பிட்டது நான். ஈயம் இருந்ததும் என்னிடம்தான். ஐந்து கார்களையும் ஒரு துண்டில் முடிந்துகொண்டேன். எதை முதலில் உருக்கக் கொடுப்பது, எதைக் கடைசியில் என்று நோட்டில் வரிசை எழுதினேன். ஐந்தாவது காருக்கு எதிரே, "முடிந்தால் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது.

பெருமாள் சேவிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நோட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் தெற்கு வாசல் பாத்திரக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பெரியவர். உருண்டைகளைக் கையில் உருட்டிப் பார்த்தார். சொம்பின் கழுத்திலிருந்து ஒரு துண்டைக் கத்தரித்துக் காதருகே வளைத்தார். பிறகு தன் கடைச் சொம்பின் வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்து என் காதருகே வளைத்தார். கிறீச்சென்று மெல்லிய சத்தம் வந்தது.

"கேட்டுச்சா பாப்பா? நல்ல ஈயம்னா வளைச்சா அழும். ஒங்க ஈயம் அழ மாட்டேங்குதே. அந்த நோட்டைக் குடு."

காலிப் பக்கம் ஒன்றில் எங்கள் சொம்பின் துண்டை அழுத்தி இழுத்தார். பென்சில் போலக் கறுப்பாகக் கோடு விழுந்தது.

"இது வெள்ளீயம் இல்லீங்கம்மா. காரீயம். எவனோ ஏமாத்தித் தலையில கட்டியிருக்கான். எத்தினி நாளாப் பொழங்குறீங்க?"

"என் நாத்தனாரோடது. அவா புக்காத்துல பன்னெண்டு வருஷம். தினமும் இதுலதான்."

"தினமுமா? புளியை ஊத்திக் கொதிக்க வச்சா? கொஞ்சங் கொஞ்சமா வயித்துக்குள்ள எறங்கும்மா அது. சாப்பிட்டவங்களுக்கு..." என்று ஆரம்பித்தவர், சித்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என் தோள் மேலிருந்த அவள் கை திடீரென்று கனத்தது.

எனக்கு இதெல்லாம் காதில் விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை. கார் ஈயம் என்ற ஒரு வார்த்தையிலேயே நான் நின்றுவிட்டேன். அத்தையின் சொம்பு, கார் செய்கிற ஈயத்தில் செய்ததா! கார்களின் முடிச்சை அவசரமாக அவிழ்த்தேன்.

"மாமா, எங்கிட்ட இன்னும் அஞ்சு இருக்கு!"

அவர் சிரித்துவிட்டார். பச்சைக் காரைத் திருப்பி, அதன் அடிப்பாகத்தை நோட்டில் தேய்த்துப் பார்த்தார். கோடு விழவில்லை.

"இது காரீயம் இல்ல பாப்பா. சீமைக் கலப்பு ஏதோ."

"கார்தானே மாமா?"

"கார்தான்."

"அப்ப கார் ஈயம்தானே?"

"கார்தான். ஆனா காரீயம் இல்ல."

"சொம்பு?"

"சொம்புதான் காரீயம்."

"சொம்பு எப்படி மாமா காராகும்?"

"யம்மா, ஒங்க வீட்டுப் பொண்ணு என்னைக் கொழப்புது" என்று சித்தியிடம் முறையிட்டார். வேறு சமயமாக இருந்தால் சித்தி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். உருண்டைகளையும் கழுத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்தாள். "நல்ல ஈயத்துல புதுசாவே தரேன்மா" என்று அவர் பின்னாலிருந்து சொல்லும்போது கடைப்படி இறங்கிவிட்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் போகவில்லை. அம்மா மண்டபம் படித்துறைக்கு நடந்தாள். காவிரி நிறையப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் படியில் நின்று உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தூர எறிந்தாள். கழுத்தைக் கடைசியில் எறிந்தாள். பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"கடைக்குப் போனதை யார்கிட்டயும் சொல்லப்படாது. அத்தைகிட்ட என்னிக்குமே சொல்லப்படாது. அஞ்சு கார் மேலயும் சத்தியம் பண்ணு."

ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சத்தியம் செய்தேன். ஏன் என்று கேட்டதற்கு, "கால் அலம்பிக்கோ, போலாம்" என்றாள்.

அத்தை வந்தாள். குழந்தையை யாரும் சரியாகப் பார்ப்பதற்குள் சொம்பு விஷயம் வெளியாகிவிட்டது. சித்தியே சொன்னாள். ஜலம் விட மறந்தேன், உருகிவிட்டது, பயத்தில் ஆற்றில் எறிந்துவிட்டேன் என்றாள்.

"உருக்கினது போறாதுன்னு ஆத்துல வேற போட்டியா? அவர் பேரை ஆத்துல போட்டியேடீ!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சித்தப்பா தூணோடு தூணாக நின்றார். அம்மா குழந்தையோடு உள்ளே போய்விட்டாள். "உன் கையால தளிகை பண்ணி நான் சாப்பிடறதா? அந்த ருசி என் ஜன்மத்துக்கும் போச்சு" என்றாள் அத்தை.

எனக்குச் சித்தி மேல்தான் கோபம் வந்தது. கடைக்காரர் அது நல்ல ஈயம் இல்லை என்று சொன்னாரே. யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றாரே. அதை ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? திட்டு பாதியாகக் குறைந்திருக்கும். வாயைத் திறந்தேன். சித்தி என் முகத்தைப் பார்க்கவில்லை, என் மடியிலிருந்த பச்சைக் காரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அன்று இரவு நோட்டில், அந்தக் கறுப்புக் கோட்டுக்குக் கீழே எழுதியது இது: "சொம்பு, கார் ஈயம். கார், கார் ஈயம் இல்லை. சித்தியைக் கேட்க வேண்டும்." செய்து முடித்த காரியங்களைக் குறுக்கே அடித்துவிடுவது என் வழக்கம். இந்த வரியை மட்டும் அடிக்கவே இல்லை.

சித்தியைப் பிறந்தகத்துக்கு அனுப்பவில்லை. ஆனால் 'சொம்பை உருக்கினவ' என்று அத்தை அவளை வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த துவாதசிக்கு அத்தை கோபம் பாராட்டி எழுந்து வரவில்லை. சித்தி கற்சட்டியில் சாத்தமுது வைத்து, அவள் இருந்த இடத்துக்கே கொண்டுபோய்ப் பரிமாறினாள். அத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "அந்த ருசி இல்லை" என்றாள்.

"இல்லைதான் அக்கா" என்றாள் சித்தி. திட்டு வாங்கினவள் குரலாக இல்லை அது. ஏதோ ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்தவள் குரல். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டே, நான் ஐந்தாவது காரை அத்தையின் தட்டைச் சுற்றி ஒருமுறை ஓட்டினேன்.