வலப்பக்கம் சாய்ந்த ஆறு பேர்

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எட்டுச் சனிக்கிழமைகள் நான் வகுப்புக்குப் போகவில்லை. நாங்கள் குடிவந்த வெளிநாட்டு நகரத்தின் ஹென்டர்சன் பகுதியில் ஒரு பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பதினேழு வருடமாகப் பரதநாட்டியம் கற்பிக்கிறேன். இவ்வளவு நீண்ட இடைவெளி ஒருபோதும் விட்டதில்லை. அந்த எட்டு வாரமும் வகுப்பை நடத்தியவள் என் மகள். இருபத்தாறு வயது, பக்கத்து வெஸ்ட்கேட்டில் தனியாக இருக்கிறாள், வார நாட்களில் கணினி வேலை. என்னிடமே படித்து அரங்கேறியவள். ஆகவே நான் பொறாமைப்பட நியாயமான காரணம் எதுவும் இல்லை. ஆனால் நாட்குறிப்பில் பொய் எழுதும் பழக்கமும் எனக்கில்லை. இரண்டாவது சனிக்கிழமைக்குரிய பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘மகள் வகுப்பு முடிந்து எனக்குப் போன் எடுத்தாள். குரலில் களைப்பே இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை.’

ஐந்தாவது வாரம் சூப்பர்மார்க்கெட்டில் மாணவி ஒருத்தியின் தாய் என்னைக் கண்டு ஓடி வந்தார்.

“டீச்சர், நீங்கள் ஆறுதலா வாங்கோ. அவசரப்படாதேங்கோ. அக்கா நல்ல வடிவாச் சொல்லிக் குடுக்கிறா. என்ர பிள்ளை இப்ப வீட்டிலயும் ஆடிப் பாக்கிறாள்!”

அந்தப் பிள்ளை என்னிடம் ஒன்றரை வருடம் படித்தவள். வீட்டில் ஆடிப் பார் என்று நான் சொல்லாத வாரமே கிடையாது. “ஓம், சந்தோசம்” என்றேன். எழுதிக்கொண்டு போன ஒன்பது பொருட்களில் நான்குதான் அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தன.

ஒன்பதாவது சனிக்கிழமை போனேன். ஆடக் கூடாது, உட்கார்ந்து பார்க்கலாம் என்பது மருத்துவரின் கட்டளை. நான் போனது பார்ப்பதற்கல்ல, என் இடத்தைத் திரும்ப வாங்குவதற்கு. மகள் மண்டபத்தின் பின்பக்கம் எனக்கு ஒரு கதிரை போட்டு வைத்திருந்தாள்.

வகுப்பு தொடங்கும்போது பிள்ளைகள் நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு குருவை வணங்குவார்கள். சின்னவர்கள் பதினொரு பேரும் முன்னால் நின்ற என் மகளை வணங்கினார்கள். “டீச்சர் வந்திருக்கிறா, திரும்புங்கோ” என்று அவள் சொன்ன பிறகுதான் என் பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி கும்பிடுவதற்குப் பதிலாகக் கையை ஆட்டினாள்.

பிள்ளைகளின் பிழைகளைக் குறிக்கும் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பிழை தேடினேன். மூன்று பேருக்கு முழங்கை தாழ்ந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. முழங்கால்களை இருபுறமும் விரித்து, முதுகு நிமிர்ந்து, பாதி உட்காரும் அரைமண்டிதான் எங்கள் ஆட்டத்துக்கு அத்திவாரம். அதைப் பதினொரு பேரும் ஆணி அடித்ததுபோல் நேராகச் செய்தார்கள்.

பத்தேகாலுக்குப் பெரிய பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள். எல்லோரும் நான் வளர்த்தவர்கள்; நான் வரும்வரை அவர்கள் பழையதை ஆடிப் பார்த்தால் போதும், எதையும் திருத்தாதே என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அவர்களில் மூத்தவளுக்கு இந்த வருடம் அரங்கேற்றம். எனக்கு ஆசை வந்துவிட்டது.

“சின்னாக்கள் போக வேண்டாம். இருந்து பாக்கட்டும். அரைமண்டி எண்டால் என்னெண்டு பெரியாக்கள் காட்டுவினம்.”

மகள் என் அருகில் வந்தாள். “இப்ப வேண்டாமே அம்மா.”

“ஏன், பயமோ?”

“எனக்கென்ன பயம்?” அவள் விலகி நின்றாள்.

ஆறு பேரும் வரிசையாக அரைமண்டியில் அமர்ந்தார்கள். கையை ஆட்டிய அதே சின்னவள், ஏன் எல்லோரும் ஒரே பக்கம் சரிந்து நிற்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டாள். மகள் “ஷ்” என்றாள்.

உண்மைதான். ஆறு இடுப்புகளும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன.

எனக்கு இரண்டு வருடமாக வலது முழங்காலில் நோவு. பாரத்தை இடது காலுக்கு மாற்றிக்கொண்டுதான் ஆடிக் காட்டியிருக்கிறேன். பிள்ளைகளைப் பார்த்து நின்றே காட்டுவது என் வழக்கம். என் இடப்பக்கச் சாய்வு, கண்ணாடியில் விழுவதுபோல, அவர்களிடம் வலப்பக்கச் சாய்வாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையின் கைப்பிழையையும் கண்பிழையையும் திகதி போட்டு எழுதி வைத்திருப்பவள் நான். இது என் கொப்பியின் எந்தப் பக்கத்திலும் இல்லை. நானும் சாய்ந்து நின்று பார்த்ததில் அவர்கள் எனக்கு நேராகத் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பும்போது மகள்தான் கார் ஓட்டினாள். மோட்டார்வேயில் ஏறியதும் கேட்டேன்.

“உனக்கு முந்தியே தெரியுமோ?”

“ஓம்.”

“எப்ப தொடக்கம்?”

“போன வருஷம் எங்கட வகுப்பு விழாவில பாத்தனான்.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தால் மூண்டு கிழமை என்னோட கதைச்சிருக்க மாட்டீங்கள். உங்கட பிழையை ஆர் அம்மா உங்களுக்குச் சொல்லுறது?”

சாய்ந்த இடுப்போடு மூத்தவளை அரங்கேற்ற மேடையில் ஏற்றினால் நூற்றுக்கணக்கானோர் முன்னால் அது தெரியும். நிமிர்த்த வேண்டியது ஆடிக் காட்டக்கூடியவள். அது நானில்லை.

“அடுத்த கிழமையிலயிருந்து பெரியாக்களையும் நீ எடு” என்றேன். “முதல் அடவிலயிருந்து தொடங்கு.”

“அரங்கேற்றம்?”

“அதுக்கும் நீதான் பழக்க வேணும்.”

“அழைப்பிதழில குரு எண்டு உங்கட பேர்தானே போடுறது?” என்று கேட்டாள்.

“பின்ன?” என்றேன். யோசிக்காமலே வந்த பதில் அது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்பக்கக் கதிரையில் இருந்தேன். மகள் மூத்தவளுக்குப் பக்கத்திலேயே நின்று, அவளுடைய இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்து, எண்ணி எண்ணி உட்கார வைத்தாள். கோபிக்கவில்லை. நான் பதினைந்து நிமிடத்தில் கோபித்திருப்பேன்.

மூன்றாவது வாரம் மூத்தவள் நேராக உட்கார்ந்தாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் சரி என்று தலையாட்டினேன். அவளை நிமிர்த்த மகளுக்கு ஆறு மாதமாவது எடுக்க வேண்டும் என்றுதான் நான் விரும்பியிருந்தேன்.