கார்டின் பின்பக்கம்

எங்கள் திலக் நகர் கட்டடத்தை இடித்துவிட்டு இருபது மாடி எழுப்பப் போகிறார்களாம். வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில், ஒரு மூலை வெட்டிய நீள அட்டை கிடைத்தது. உடம்பெல்லாம் பொடிப்பொடி ஓட்டைகள். பின்பக்கம் பென்சிலில் நாலு வரி தமிழ். பம்பாயிலேயே வளர்ந்த என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

"என்னப்பா எழுதியிருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஏதோ பழைய கணக்கு."

இதே கார்டைப் பற்றி இதே பொய்யை இரண்டாவது தடவை சொல்கிறேன். முதல் தடவை சொன்னபோது எனக்கு வயது இருபத்தாறு.

கார்டை முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், அறுபதுகளில் கம்ப்யூட்டருக்கு வாசனை உண்டு. இந்த மாதிரி ஓட்டை கார்டுகளில்தான் அதற்கு உத்தரவு கொடுப்போம். பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு துணி மில் கம்பெனியின் தலைமை அலுவலகம், அங்கே கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. மழைக்காலத்து ஈரத்தில் கார்டு ஊதிக்கொண்டு மெஷினில் சிக்கும் என்று அந்த அறைக்கு மட்டும் ஏசி போட்டிருந்தார்கள். மேனேஜருக்கே மின்விசிறிதான். மே மாத வெயிலில் கையில் ஸ்வெட்டரோடு மாதுங்காவில் ரயில் ஏறுவேன். எனக்கு ஏதோ வியாதி என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்களாம்.

அந்த அறையில் இன்னொரு தமிழர் தங்கையா. திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் குடியிருந்தார். கார்டில் ஓட்டை போடும் வேலைக்கு வந்தவர். சாப்பாட்டு நேரத்தில் மெஷினின் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, தானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். எந்த ஊருக்கு எத்தனை பேல், அதாவது எத்தனை கட்டு, துணி போக வேண்டும் என்று பட்டியல் போடும் புரோகிராம் அவருடையது. என் வயதுதான், ஆனால் நான் டிகிரி வாங்கியவன் என்று என்னை 'சார்' என்பார். அன்று என் மனதில் அவர் 'அவன்'தான். 'அவர்' எல்லாம் பிற்பாடு வந்தது.

புரோகிராம் என்றால் இன்றைக்குப் போல வார்த்தைகள் இல்லை, வெறும் எண்கள். ஒரு கார்டுக்கு ஓர் உத்தரவு. இந்த எண் என்றால் கூட்டு, அந்த எண் என்றால் கழி. ஒருவர் எழுதியதை இன்னொருவர் புரிந்துகொள்ள, ஓட்டையைப் பார்த்து எண்ணையும், எண்ணைப் பார்த்து உத்தரவையும் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் கோத்து, இந்த மனுஷன் என்னதான் நினைத்தான் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். அதில் நான் புலி என்று எனக்கு ஒரு எண்ணம்.

தங்கையா தங்கை கல்யாணத்துக்கு ஒரு மாத லீவில் ஊருக்குப் போனார். கிளம்பிய அன்று நான் காய்ச்சலில் கிடந்தேன். அந்த மாதம்தான் பழைய மெஷினை எடுத்துப் போய்விட்டுப் புதிதை வைத்தார்கள். புதிதன் புத்தகம் மட்டும் அதற்கு முன்பே வந்திருந்தது. பழையதன் புத்தகமும் அதோடு போயிற்று. புது மெஷினில் தங்கையாவின் புரோகிராம் பாதியில் நின்றது. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே இடத்தில் நின்றது.

மேனேஜர் அதை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். புதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கார்டு கார்டாகப் படித்தேன். ஒரு கார்டில் 37. புத்தகத்தில் 37 என்றால் 'நில்'. பழைய மெஷினில் நான் 37ஐப் பயன்படுத்தியதே இல்லை; மற்ற எண்கள் மாறாததால் இதுவும் மாறவில்லை என்று நினைத்துவிட்டேன். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்று யூனியன் வாசலில் கூட்டம் போட்ட நேரம் அது. தங்கையா அங்கே நின்று கேட்டதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். நானும்தான் நின்றேன், அதை யாரும் கேட்கவில்லை. "வேண்டுமென்றே நடுவில் 'நில்' சொருகியிருக்கிறான்" என்று மேனேஜரிடம் சொன்னேன்.

அவர் கார்டை வாங்கித் திருப்பினார். "யே தோ தும்ஹாரா மதராஸி ஹை. க்யா லிகா ஹை?" உங்கள் பாஷைதானே, என்ன எழுதியிருக்கிறது?

எனக்கு அப்போது தமிழ் படிக்கத் தெரியாது. இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன். புது மெஷினின் நூறு எண்கள் தலைகீழ்ப் பாடம், தாய்மொழியில் 'க'வைக் காட்டினால் முழிப்பேன். அதை அவரிடம் சொல்ல வெட்கம்.

"ஒன்றுமில்லை சார், ஏதோ கணக்கு" என்றேன்.

கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கல்யாணமாகி நாலு மாதம். மனைவி தஞ்சாவூர்க்காரி, பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூட விடாமல் வாசிப்பாள். அவளிடம் நீட்டினேன். அரிசி களைந்த ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உரக்க வாசித்தாள்:

"37 நிற்பதற்கு அல்ல. மீதி இல்லை என்றால் அடுத்த கார்டைத் தாண்டும். புது மெஷினில் இது 52, மாற்ற வேண்டும்."

நாலாவது வரியையும் வாசித்தாள். அதைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

"இவ்வளவு தெளிவா எழுதியிருக்காரே. நீங்க படிக்கலையா?" என்றாள்.

மறுநாள் 52 போட்டு ஒரு புதுக் கார்டு செருகினேன். புரோகிராம் ஓடியது. மேனேஜர் தோளில் தட்டினார். அப்போதாவது தங்கையா எழுதி வைத்திருந்ததைச் சொல்லியிருக்கலாம்.

தங்கையா ஊரிலிருந்து திரும்பியபோது, சிவ்ரி கோடவுனில் பேல் எண்ணும் வேலைக்கு மாற்றிய கடிதம் காத்திருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். கையில் எனக்காகக் கொண்டுவந்த கருப்பட்டிப் பொட்டலம்.

"பொறத்தால எழுதிப் போட்டிருந்தேம்லா சார். பாக்கலியா?"

"எழுதியிருந்தீங்களா? கவனிக்கலையே."

பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, "சரி சார், வாறேன்" என்று படியிறங்கினார். சிவ்ரி அங்கிருந்து அரைமணி ரயில்தான். ஒரு நாளும் நான் போகவில்லை.

அந்த வருஷமே மனைவியிடம் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஏன் திடீரென்று என்று அவள் கேட்கவில்லை.

இன்று அந்த மெஷினும் இல்லை, 37ம் இல்லை, 52ம் இல்லை. மில்லும் கோடவுனும் போய்விட்டன. தாராவியில் அவர் இருந்த வரிசை வீட்டைத் தேடி ரிடயரான பிறகு ஒருநாள் போனேன், அங்கே வேறு கட்டடம் நின்றது, கேட்டவர்களுக்குப் பெயர் தெரியவில்லை. எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பென்சில் எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. நாலாவது வரி இதுதான்:

"சார், நீங்கள் இருக்கிற தைரியத்தில் ஊருக்குப் போகிறேன்."