காணாக்கடி

மாடுகளுக்கு அரிப்பெடுத்தால் தேய்த்துக்கொள்வதற்கென்று எங்கள் ஊர்க் குளக்கரையில் ஒரு கல் நட்டு வைத்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தலைமுறை தலைமுறையாக எருமைகள் விலாவைத் தேய்த்துத் தேய்த்து அதன் நடுப்பகுதி வழவழவென்று ஆகிவிட்டது. மனிதர்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. எருமப்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் இந்த ஊருக்கு நான் வந்து சேர்ந்த முதல் வருஷம், தண்ணீர்க் குடத்தோடு அந்தக் கல்லைக் கடக்கும்போதெல்லாம் சுற்றுமுற்றும் பார்ப்பேன். யாரும் இல்லையென்றால் குடத்தை இறக்கிவைத்து, முதுகைக் கொடுத்து நன்றாகத் தேய்த்துவிட்டு நடையைக் கட்டுவேன். ஒரு நாள் எருமை ஓட்டிவந்த அம்மாள் ஒருத்தி பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை, கேட்கவில்லை. என் முறை முடியட்டும் என்று எருமையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

எங்கள் ஊர் என்று எழுதிவிட்டேன். அடிக்கவும் மனமில்லை, அப்படியே விடவும் கூச்சமாக இருக்கிறது. நான் பிறந்தது பர்மாவில், பெகுவில். அப்பா திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறியவர். என்னைக் கட்டியவர் இந்த ஊர்க்காரர். பெகுவில் ஓர் அரிசி மில்லில் வேலை பார்த்தார். இரண்டு வீட்டிலும் 'சொந்த ஊர், சொந்த ஊர்' என்று ஓயாத பேச்சு. அந்தச் சொந்த ஊரை நான் கண்ணால் பார்த்தது, சண்டை வந்து பர்மாவை விட்டு ஓடிவந்த பிறகுதான். என்னைப்போல ஓடிவந்து இந்தச் சீமையில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு இடமும் கொடுத்துவிட்டு, இதுகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று திகைத்துப் பார்த்த உள்ளூர்க்காரர்களும் படிக்கலாம்.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் கப்பலில் முதல் இடம் என்றார்கள். என்னையும் நாலு வயது மகள் சரசுவையும் ஏற்றிவிட்டு, சரசுவின் அப்பா துறைமுகத்திலேயே நின்றுகொண்டார். "நீ போ. நான் நடந்தாச்சும் பின்னால வாரேன். எங்கம்மா உன்னைய நல்லாப் பாத்துக்கும்" என்றார். கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் நாமக்கல் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் ஊர் வந்து சேர்ந்தோம். அத்தை வாசலில் நின்றிருந்தார். என் மாமியாரை அன்றுதான் பார்க்கிறேன்.

"எம் பையன் எங்க அம்மிணி?"

"பின்னால வர்றாருங்க அத்தை."

அத்தை வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்புறம் போய், பாதையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பார்த்துவிட்டு வந்தார். நான் சொன்னதன் பொருள் அவருக்குப் புரிய அன்று சாயங்காலம் ஆயிற்று.

சரசுவின் அப்பா சொன்னபடி அத்தை என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். என் கஷ்டமே அதிலிருந்துதான் ஆரம்பித்தது. இந்தப் பக்கத்துப் பெண்கள் காட்டில் களை வெட்டுவார்கள், கடலைக்கொடி பிடுங்குவார்கள். எனக்கு அதெல்லாம் வேண்டாம் என்று அத்தை ஒரே பேச்சில் சொல்லிவிட்டார். "ரங்கூன்ல நெழல்ல இருந்த புள்ள. வெயில்ல காஞ்சா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? ஊட்டுக்குள்ள ஒக்காந்து கொட்டமுத்து ஒடைக்கட்டும்." ஆமணக்கு விதையை இங்கே கொட்டமுத்து என்பார்கள். பர்மா விழுந்ததும் மண்ணெண்ணெய் வரத்து நின்றுபோய், ஊரெல்லாம் பழையபடி விளக்கெண்ணெய் விளக்குக்குத் திரும்பியிருந்தது. எங்கள் வீட்டிலும் காய்ந்த ஆமணக்குக் காய் மூட்டைமூட்டையாகக் கிடந்தது. அதைத் தட்டி ஓடு நீக்கி விதையை எடுக்க வேண்டும். என்னை இங்கே துரத்தின அதே சண்டைதான் அந்த வேலையையும் என் மடியில் கொண்டுவந்து போட்டது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதலில் தும்மல் வந்தது. ஊர் மாறினால் அப்படித்தான் என்றார்கள். பிறகு ஒரு மத்தியானம் முழங்கையில் கொசு கடித்ததுபோல ஒரு தடிப்பு. சொறிந்தேன். பக்கத்தில் இன்னொன்று. அதையும் சொறிந்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து கை முழுக்கச் சிவந்து வீங்கிவிட்டது. அடுத்து வயிறு, முதுகு, கழுத்து. கழுத்தில்தான் மோசம். தாலிக்கயிறு படுகிற இடமெல்லாம் வளையமாகத் தடித்துக்கொண்டு நெருப்பாக எரிந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் ஓடத் தோன்றும். சரசு ஏதாவது கேட்டால் காதில் ஏறாது. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் அவர் நகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அதற்கு நடுவில் சரசுவின் அப்பாவைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. மனசு ஒரு பக்கம் பிறாண்ட, உடம்பு இன்னொரு பக்கம் பிறாண்ட, நான் இரண்டுக்கும் நடுவில் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. முதலில் கம்பளியால் உடம்பைத் தேய்த்தார்கள். அரிப்புக்கு அதைவிடச் சுகம் உலகத்தில் இல்லை. கம்பளியை எடுத்ததும் அதைவிட நரகமும் இல்லை. அப்புறம் சூடு தணியட்டும் என்று உச்சியிலும் உள்ளங்காலிலும் தடிப்பின் மேலேயும் வீட்டில் காய்ச்சின விளக்கெண்ணெயைத் தடவினார்கள். பிறகு வேப்பிலையோடு மந்திரிக்கிறவர் ஒருவர் வந்தார்.

"எது கடிச்சுதுங்க?"

"தெரியலைங்க. நான் எதையும் பார்க்கலை."

"அதேதானுங்க. பாத்திருந்தா அது காணாக்கடி ஆகாதுங்களே" என்று மிகுந்த திருப்தியோடு வேப்பிலையைச் சுழற்றினார்.

பெகுவில் வெயிலுக்கு எனக்கு வேர்க்குரு வந்தால், பக்கத்து வீட்டு மா சேன் தன் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். தனக்கா என்ற மரத்தின் கட்டையைத் தண்ணீர் விட்டு இழைத்து, சந்தனம்போல வரும் அந்தக் குழம்பை என் கழுத்திலும் முதுகிலும் பூசி ஊதிவிடுவாள். பர்மாக்காரிகள் தினமும் முகத்தில் பூசிக்கொள்வது அதைத்தான். ஓடிவரும்போது நகைநட்டை விட்டுவந்தேனே தவிர, அவள் கொடுத்த ஒரு துண்டு தனக்காவைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அரிப்புத் தாங்காமல் ஒரு நாள் அதைத் தேடினால் காணோம். அத்தையிடம் கேட்டேன். "அந்த வெறகுக்குச்சியா? அடுப்புல வெச்சுட்டனே" என்றார். பிறகு என் தலையைத் தடவி, "அங்க வெறகுக்குக்கூடப் பஞ்சமா சாமி? பொட்டியில வெச்சுக் கொண்டாந்திருக்கறயே" என்று கண் கலங்கினார். இதற்கு நான் அழுவதா சிரிப்பதா? முதுகைத் தூணில் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நானே துப்புத் துலக்கப் புறப்பட்டேன். ராகிக் களியாக இருக்குமோ என்று அதை நிறுத்தினேன். கிணற்றின் உப்புத் தண்ணீரோ என்று குளத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தேன். கம்பளியோ என்று சாக்கில் படுத்தேன். ஒன்றாலும் பலனில்லை. ஆனால் நான் ஒதுக்கின ஒவ்வொன்றும் அத்தையின் நெஞ்சில் போய்த் தைத்தது. "எங்க சோறு ஆவலை, எங்க தண்ணி ஆவலை, எங்க கம்பளியும் ஆவலை. நாங்களாச்சும் ஆவறமா அம்மிணி?" என்றார். ஊரிலோ வேறு பேச்சு. ரங்கூனிலிருந்து ஏதோ தொத்து வியாதி கொண்டுவந்திருக்கிறாள் என்று சிலர் சரசுவைத் தங்கள் பிள்ளைகளோடு விளையாட விடவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஒரு விஷயத்தை முதலில் கவனித்தவர் அத்தைதான். மாதத்தில் வீட்டுக்குத் தூரமாகும் நாட்களில் பெண்கள் இங்கே மாட்டுக்கொட்டகையை ஒட்டின சாய்ப்பில் தனியாக இருக்க வேண்டும். எந்தப் பண்டத்தையும் தொடக்கூடாது, யாரும் நம்மைத் தொடவும் மாட்டார்கள். அந்த நாட்களில் எனக்கு அரிப்பு வருவதில்லை. அத்தை அதைச் சொன்னபோது, வழி கிடைத்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"தீட்டுன்னா அம்மன் கிட்ட வராது அம்மிணி. மத்த நாளெல்லாம் வருது. அதுவும் கழுத்தச் சுத்தியே வருது. எதையோ கழட்டச் சொல்லுது."

என் கழுத்தில் கழற்றுவதற்குத் தாலியைத் தவிர வேறொன்றும் இல்லை. புருஷன் போய்விட்டான், இவள் இன்னும் பொட்டும் தாலியுமாகத் திரிகிறாளே என்று அம்மன் என் தோலில் எழுதிக் காட்டுகிறாளாம்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பூக்கேட்டுவிடலாம் என்றார் அத்தை. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் மகன் இருக்கிறான். வெள்ளை வந்தால் எனக்கும் வெள்ளைச் சீலை. எடுக்கப்போகிற குழந்தை சரசு.

"எனக்கு வேண்டாங்க அத்தை" என்றேன்.

"எனக்கு வேணும் அம்மிணி" என்றார்.

அந்த வாரம் பொட்டு வைக்கும்போதெல்லாம் கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றேன். சரசுவின் விரல்களைப் பார்த்தால் பயமாக இருந்தது. நல்லவேளையாக வெள்ளிக்கிழமைக்கு முன்பே நான் தூரமாகி, சாய்ப்புக்குப் போய்விட்டேன். பூக்கேட்பது அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போயிற்று.

மறுநாள் காலையில் மேல்காற்று பலமாக அடித்தது. விளக்குக்கு எண்ணெய் தீர்ந்திருந்ததால் அத்தை காத்திருக்கவில்லை. நான் உள்ளே உட்கார்ந்து செய்கிற வேலையை அக்கம்பக்கத்துப் பெண்களோடு வாசலிலேயே போட்டு ஆரம்பித்துவிட்டார். காய்ந்த காயைத் தடியால் அடிக்க அடிக்க, ஓட்டுத் தூசி எழும்பிக் காற்றோடு நேரே சாய்ப்புக்குள் வந்தது. நான் தும்மினேன். மறுபடி தும்மினேன். கண் வீங்கியது. முழங்கையில் ஒரு தடிப்பு, பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் கழுத்து. பாதிச் சொறிதலில் என் கை அப்படியே நின்றுவிட்டது. இன்று எனக்குத் தீட்டு. இன்று அம்மன் வரமாட்டாள். வாழ்க்கையில் அரிப்புக்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"அத்தை, இங்க வாங்க" என்று கத்தினேன். அவர் வந்து, தொடாத தூரத்தில் நின்றார். "எனக்கு அரிக்குதுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். தூரமா இருக்கிறப்பவே." கழுத்தைக் காட்டினேன். "அந்த ஓட்டுத் தூசியில ஒரு கைப்பிடி போடுங்க அத்தை."

நான் போய் எடுக்க முடியாது. அவர் என் கையில் கொடுக்கவும் முடியாது. முறத்தில் அள்ளிவந்து தூரத்திலிருந்தே என் முன்னால் வீசினார். அதை எடுத்து, தடிப்பில்லாத இடமாகப் பார்த்து இடது கையில் உள்ளங்கையளவு தேய்த்தேன். வலது கையை அப்படியே விட்டேன். இரண்டு கைகளையும் அவர் பார்க்கும்படி நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் முறத்தோடு நின்றார். கொஞ்ச நேரத்தில் இடது கையில் நான் தேய்த்த அளவுக்கு அப்படியே தடித்து எழுந்தது. வலது கை சும்மா இருந்தது.

"அம்மன் இல்லீங்க அத்தை. கொட்டமுத்துங்க. எண்ணெயிலயும் அதுதான் இருக்குது. தாலிக்கயித்துல படியறதும் அந்தத் தூசிதானுங்க" என்றேன். வெயிலில் வாடக்கூடாது என்று உட்காரவைத்த வேலையும், குணமாகட்டும் என்று தடவின எண்ணெயும்தான் என்னை இத்தனை நாள் பிடுங்கித் தின்றிருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. தாலியைப் பிடித்துக்கொண்டே சிரித்தேன்.

அத்தை சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தார்.

"அப்ப அம்மன் ஒண்ணுமே சொல்லலியா அம்மிணி?" என்று கேட்டார்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு மிரட்டலாக இருந்த அந்தத் தடிப்புகள், மகனைப் பற்றி அத்தைக்கு வந்த ஒரே சேதியாக இருந்திருக்கின்றன. கெட்ட சேதிதான். ஆனாலும் சேதி. அதையும் நான் பறித்துக்கொண்டேன். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எழுந்து போய் அவர் கையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. தீட்டுக்காரி, பிடிக்கக்கூடாது. அவர் அங்கேயும் நான் இங்கேயுமாக உட்கார்ந்து அழுதோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை தேங்காய் பழத்தோடு மட்டும் கோயிலுக்குப் போய்வந்தார். பூக்கேட்கிற பேச்சை அதன் பிறகு எடுக்கவே இல்லை. கொட்டமுத்து மூட்டைகள் பக்கத்து வீட்டுக்குப் போயின. நான் காட்டு வேலைக்குப் போனேன். வெயில் என்னை ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்குள் எனக்காக நல்லெண்ணெய் விளக்கு வந்தது. ஊரே எரிக்கிற எண்ணெயை ஒரு மருமகளுக்காக மாற்றிய வீடு இந்தப் பக்கத்தில் வேறு இருக்காது.

இப்போது சண்டை ஓய்ந்துவிட்டது. நடந்து வந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் யாரும் சரசுவின் அப்பாவைப் பார்த்ததாகச் சொல்லவில்லை, செத்ததாகவும் சொல்லவில்லை. சிலர் பர்மாவுக்குத் திரும்புகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். நான் அங்கே போய்விட்டால் அவர் இங்கே வந்து நிற்பாரோ என்று இருக்கிறது. இங்கேயே இருந்துவிட்டால், மா சேன் வீட்டு வாசலில் நின்று அவர் என்னைத் தேடுவாரோ என்றும் இருக்கிறது.

சாயங்காலமானால் உள்விளக்கை நான் ஏற்றுவேன். தெருவைப் பார்த்த மாடத்தில் மட்டும் அத்தை இன்னும் விளக்கெண்ணெய்தான் ஊற்றுகிறார். மகன் சின்ன வயதிலிருந்து பார்த்த விளக்கு, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் என்கிறார். அந்த எண்ணெயை நான் தொட முடியாது. காற்றுக்கு அது அணைந்துபோனால் வாசற்படியில் நின்றபடி, "அத்தை, வெளக்கு" என்று குரல் மட்டும் கொடுப்பேன். உள்ளேயிருந்து "வாரேன் அம்மிணி" என்று பதில் வரும். சரசுவின் அப்பாவும் அப்படித்தான், வாரேன் என்றுதான் சொன்னார். அத்தை எண்ணெயோடு வந்து சேரும்வரை நான் இருட்டில் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.